திமில் இல்லாத மாட்டின் பால்

நனைந்த சாக்கு வெயிலில் காயும்போது ஒரு வாடை எழும். சணலும் சாணமும் மாட்டு வேர்வையும் ஒன்றாகக் கலந்து மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், குளித்தாலும் போகாது. என் சின்ன வயசு முழுக்க அந்த வாடைதான். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற எங்கள் ஊரில் மாசி பிறந்துவிட்டாலே வெயில் உச்சியைப் பிளக்கும், அந்த வெயிலில் எங்கள் வீட்டுச் சந்தனம் நாக்கைத் தொங்கப்போட்டு நாய் மாதிரி இளைக்கும், நான் ஒரு சாக்கை நனைத்து அதன் முதுகில் போடுவேன், காய்ந்ததும் எடுத்து மறுபடி நனைப்பேன். சந்தனம் எங்கள் பசு. நிறத்தைப் பார்த்து அம்மா வைத்த பேர். ஊரில் ஒருவரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. "கிராஸ்" என்பார்கள், கொஞ்சம் மரியாதை உள்ளவர்கள் "ஜெர்சி" என்பார்கள்.

சாக்குக்கு அடியில் இருந்த அந்த முதுகு பலகை மாதிரி நேராகப் போகும். நாட்டு மாட்டுக்குக் கழுத்து முடிகிற இடத்தில் திமில் எழும்பி நிற்குமே, அது இதற்குக் கிடையாது. அது இல்லாத காரணத்தால் எங்கள் ஊரில் இதை மாட்டுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு மாலை போட்டுக் கோயிலுக்கு ஓட்டிப் போகும்போது, சந்தனம் வேண்டுமானால் கடைசியில் ஆட்டு மந்தையோடு வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா ஓட்டிப் போகவே இல்லை. எங்கள் வாசலிலேயே மாலை போட்டு, பொங்கலை உருட்டி அதன் வாயில் ஊட்டிவிட்டாள்.

திமில் உள்ள மாடு என்றால் எங்கள் ஊரில் அது பெரிய வீட்டு "மயிலை". சாம்பல் பூத்த வெள்ளை, மை தீட்டினாற்போலக் கண், நடந்தால் கழுத்து மணி அதற்கே சொந்தமான ஒரு தாளத்தில் அசையும். அதன் தாயும், தாயின் தாயும் அதே தொழுவத்தில் பிறந்தவை, வேறு ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் கலக்காதவை என்று அந்த வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற டாக்டர் ஊருக்குள் வருகிறார் என்று கேள்விப்பட்டால் தொழுவத்துக் கதவைச் சாத்திவிட்டு, வயசுக்கு வந்த பெண்ணைக் காவல் காக்கிறவர் மாதிரி வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் என் தாய்மாமா. அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன்.

அம்மா பெரிய வீட்டில் பிறந்தவள். அப்பா அந்த வீட்டு நிலத்தில் கூலிக்குப் போனவரின் மகன். நிலத்து வேலை வேண்டாமென்று பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள் என்பதைத் தவிர அதில் வேறு கதை கிடையாது, ஆனால் மாமா தன் தங்கை செத்துப்போனாள் என்று சொல்லிக் கிணற்றில் தலைமுழுகினார். ஒரே ஊர்தான், ஒரே பஸ் ஸ்டாப்தான். அம்மா எதிரே வந்தால் மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டு போவார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விவரம் தெரியாமல் ஒருமுறை "மாமா" என்று கூப்பிட்டுவிட்டேன். "ஏ புள்ள, யாருக்கு யாரு மாமா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சந்தனம் வீட்டுக்கு வந்த பிறகு அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. என்னையும் தம்பியையும் பார்த்தால் "கிராஸ் வீட்டுக் கன்னுக்குட்டியெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிருச்சு" என்பார்கள்.

தம்பி போனான். நான் ஏழாவதோடு நின்றுவிட்டேன். காரணம் சந்தனம்தான், அதைக் குறை சொல்லவில்லை. நாட்டு மாட்டை அவிழ்த்து விட்டால் கரட்டில் முள்ளுக்கு நடுவே எதையாவது கடித்துவிட்டுச் சாயங்காலம் தானாக வீடு வரும். கலப்பு மாடு அப்படி இல்லை. நேரத்துக்குத் தண்ணீர், நேரத்துக்குப் பருத்திக்கொட்டை, நிழல், முதுகுக்கு ஈரச்சாக்கு, காலில் ஈ மொய்த்தால் வேப்பெண்ணெய் என்று கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும். அப்பா கம்பெனியில், அம்மா வீட்டில் பட்டாசுக் குழாய் சுருட்டுவாள், பாதிநாள் அவளும் கம்பெனிக்குப் போய்விடுவாள். நான் மாட்டின் விலாவில் காது வைத்து, மூச்சு சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். இன்றைக்கும் வீட்டில் யாராவது அசந்து தூங்கினால் மூக்குக்கு நேரே விரலை நீட்டிப் பார்க்கிற புத்தி எனக்கு அங்கே வந்ததுதான். படிப்பு விட்டுப்போகாமல் இருந்ததற்குக் குழாய் சுருட்டப் பழைய நோட்டும் அச்சாபீஸ் கழிவுத்தாளும் மூட்டை மூட்டையாக வந்தது காரணம். சுருட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வாசித்துவிடுவேன். வேலை ஓடாது, அம்மா வைவாள்.

இரண்டு மாட்டையும் ஒப்பிட்டால் நியாயமாகச் சொல்ல வேண்டும். மயிலை கொடுக்கிற பால் அந்த வீட்டுக்கே காணாது, ஆனால் அது நோய் என்று படுத்து யாரும் பார்த்ததில்லை. மழை இல்லாத வருஷத்தில் காய்ந்த சோளத்தட்டையை மென்று நின்றது. அதன் காளைக்கன்று ஏரில் பூட்ட ஆகும். சந்தனத்தின் காளைக்கன்று எதற்கும் ஆகாது, திமில் இல்லாததால் நுகத்தடி நிற்காது. சந்தனம் குடம் நிறையக் கொடுக்கும், கன்று பக்கத்தில் இல்லாவிட்டாலும் கொடுக்கும். மயிலை கன்று முட்டாமல் ஒரு சொட்டு இறக்காது. இதை வைத்தும் பேச்சு உண்டு. யார் கைவைத்தாலும் சுரக்கிறது மானமில்லாத மாடு என்பார்கள். சொல்வது மாட்டைத்தான், பார்வை அம்மா மேல் இருக்கும். குழாயடியில் ஒருத்தி, "உங்க மாடு கறக்கது பாலா தண்ணியா ஆத்தா?" என்று கேட்டபோது அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்கக்கா, அதைக் கறக்கச் சொல்லுதேன்" என்றாள். உண்மையில் சந்தனத்தின் பால் கெட்டி. கறுப்பும் வெள்ளையுமாக இருக்கிற பெரிய ஜாதி மாட்டின் பால்தான் நீர்த்திருக்கும். ஜெர்சிக் கலப்பின் பாலைக் காய்ச்சி வைத்தால் ஆடை விரல் கனத்துக்கு நிற்கும். திட்டுகிறவர்களில் ஒருவரும் அதைக் குடித்துப் பார்த்தது கிடையாது.

தெற்கே கம்பெனிப் பக்கமிருந்து வெடிச்சத்தம் வந்தால் சந்தனம் பாலை அடக்கிக்கொள்ளும். அம்மாவின் கையும் காம்பிலேயே நின்றுவிடும். டெஸ்ட் போடுகிறார்களா, வேறு ஏதாவதா என்று இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். புகை எழும்பவில்லை என்று நான் கூரைமேல் ஏறிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அம்மா மூச்சு விடுவாள், அப்புறம் சந்தனம் சுரக்கும். மயிலைக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. அந்த வீட்டிலிருந்து யாரும் கம்பெனிக்குப் போகவில்லையே.

இனி ஒரு பங்குனிப் பொங்கலன்று நடந்ததற்கு வருகிறேன்.

எங்கள் ஊர் அம்மனுக்குப் பொங்கலன்று பாலாபிஷேகம். பால் பெரிய வீட்டிலிருந்துதான் வரும், அது அவர்கள் உரிமை. நாட்டு மாட்டுப் பால், அன்று காலை கறந்தது, எச்சில் படாதது. அந்த வருஷம் பொங்கலுக்கு முந்தைய வாரம் மயிலையின் கன்று செத்துப்போனது. மாடு கத்திக்கொண்டே நின்றது, பால் இறக்கவில்லை. கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துப் பொய்க்கன்று செய்து நிறுத்தினார்கள்; முகர்ந்து பார்த்துவிட்டு ஓர் உதை விட்டது. பொங்கலன்று காலையில் கோயில் முன்னால் ஊரே கூடியிருக்க, மாமா வெறும் கையோடு நின்றார். ஊரில் வேறு நாட்டுப் பசு எதுவும் கறவையில் இல்லை. பூசாரி வெயிலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

அம்மாவுக்கு அன்று என்ன தோன்றியது என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அண்ணன் தலைகுனிந்து நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை. இந்தச் சாக்கிலாவது தன்னைச் சேர்த்துக்கொள்வான் என்று நினைத்திருக்கிறாள். வீட்டுக்கு ஓடி வந்து, தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு சந்தனத்தைக் கறந்தாள். பித்தளைச் செம்பைப் புளி போட்டு நான்தான் துலக்கிக் கொடுத்தேன். "வேண்டாம்மா, ஏதாவது சொல்லுவாக" என்றேன். "எங்க அண்ணன்தானட்டி" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

கோயில் வேம்புக்குக் கீழே மாமா முன்னால் போய் நின்று இரண்டு கையாலும் செம்பை நீட்டினாள். மாமா கைநீட்டி வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார் என்றுதான் அம்மா நினைத்தாள், நானும் நினைத்தேன். அவள் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. அவர் செம்பை அப்படியே தரையில் கவிழ்த்தார். பால் வேம்பின் வேரடியில் ஓடிப் புழுதியில் சுருண்டது.

"திமிலு இல்லாததுக்குப் பேரு மாடா? கலப்பு வீட்டுல கறந்தது சாமிக்கு ஆகாது. நாய் நக்கிட்டுப் போகட்டும்."

தங்கையிடம் அவர் பேசிய பேச்சு, நான் பிறந்த பிறகு அது ஒன்றுதான். நாய்கள் நிஜமாகவே வந்தன. யாரோ சிரித்தார்கள். அம்மா குனிந்து செம்பை எடுத்து, முந்தானையால் துடைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரமாகப் போய் நின்றாள். போய்விடலாம் என்று இழுத்தேன். வரவில்லை.

மாமாவின் மகன், எனக்கு அத்தான் முறை, டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு சாத்தூருக்குப் பறந்தான். வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஒரு பை நிறையப் பாக்கெட் பால் வந்து இறங்கியது. பூசாரி முதல் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடிக்கப் போய், சே, சாமி காரியம் என்று நினைவு வந்து கத்தரிக்கோல் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாக வெட்டி ஊற்றினார். மேளம் முழங்கியது. மாமா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்.

அம்மா என் காதுக்குள் மெதுவாகச் சொன்னாள்: "முந்தாநாள் பால் சொசைட்டியில நாம ஊத்துனதுதாம்ட்டி அது. வேன்ல ஏறிப்போய், கவர் மாட்டிக்கிட்டு, டிவிஎஸ்ல திரும்பி வந்திருக்கு."

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் என் விரல்கள் அவள் கைக்குள் நொறுங்கிவிடும்போல் இருந்தன. உண்மைதானே. எங்கள் பக்கத்தில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீடு அத்தனையிலும் நின்றது கலப்பு மாடு. நாட்டு மாடு வைத்திருந்தவர்களுக்குச் சொந்த டீக்கே பால் காணாது, சொசைட்டிக்கு எங்கே ஊற்றுவார்கள்? அம்மன் அன்று தலையிலிருந்து கால்வரை நனைந்தது திமில் இல்லாத மாடுகளின் பாலில். தங்கை கையால் வந்த பால் ஆகாது. யார் யாரோ கறந்து, கேனில் கலந்து, பிளாஸ்டிக் பையில் வந்தால் ஆகும். இதைக் கத்திச் சொல்ல வேண்டுமென்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. பயந்தாங்கொள்ளி நான், அன்றும் இன்றும்.

அந்தச் செம்பை அம்மா அதன் பிறகு எடுக்கவில்லை. மாடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

சந்தனம் செத்தது, அதன் மகள் வந்தது, மகளின் மகள் வந்தது. அப்பா கம்பெனிப் புகையால் வந்த இருமலோடு போய்ச் சேர்ந்தார். என்னை உள்ளூரிலேயே ஒரு கம்பெனித் தொழிலாளிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தம்பி வேலைக்கு வெளியூர் போய்விட, அம்மா மாட்டோடும் அந்தச் செம்போடும் வந்து என்னோடு இருந்தாள். அவள் இறந்த அன்றைக்கு நடந்ததைச் சொன்னால்தான் இந்தக் கட்டுரையை ஏன் எழுதுகிறேன் என்பது விளங்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அதைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். எத்தனை பகை இருந்தாலும் அந்தச் சேலை வந்துவிடும், அதோடு பகை முடிந்தது என்று அர்த்தம். ஆள் அனுப்பினோம். அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்திவிட்டுத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். நிழல் சுவரை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தது. போன ஆள் திரும்பி வந்து, "தங்கச்சிக்குத்தான் அன்னைக்கே தலைமுழுகியாச்சே, ஒரு ஆளு எத்தனை தடவை சாகும்னு கேக்காக" என்றார். என் வீட்டுக்காரர் கடைக்குப் போய் ஒரு சேலை எடுத்து வந்தார். அதைப் போர்த்தி எடுத்தோம். பிறந்த வீடு இருந்தும் அநாதை மாதிரி அம்மா போனாள். அன்று என் வயிற்றில் விழுந்த கங்கு அணையவில்லை. அணைய நான் விடவும் இல்லை. விறகு தள்ளிக்கொண்டே இருந்தேன்.

இப்போது மாமாவுக்குக் கண் போய்விட்டது. சர்க்கரை. கட்டிலோடு இருக்கிறார். நாட்டு மாட்டுப் பால் தவிர வேறு பால் உள்ளே இறங்காது என்கிறார். ஆனால் அந்தத் தொழுவத்தில் மாடே இல்லை. மயிலையின் வம்சத்தில் கடைசியாக நின்ற பசுவையும் அத்தான் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டான். உழவுக்கு டிராக்டர் இருக்கிறது, பாலும் இல்லாத மாட்டைக் கட்டித் தீனி போட முடியுமா என்று அவன் நினைத்ததில் தப்புக் காண முடியாது. அப்பனிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை. மயிலையின் மணியைக் கழற்றி ஒரு வெள்ளாட்டின் கழுத்தில் கட்டித் தொழுவத்தில் விட்டிருக்கிறான். ஆடு தலையை ஆட்டுகிறபோதெல்லாம் மாமா கட்டிலில் கிடந்தபடி, "மயிலைக்குத் தண்ணி காட்டுங்க" என்பாராம்.

இதை எனக்குச் சொன்னது அத்தான் மனைவி ராஜாத்தி அக்கா. ஒருநாள் விடியக்காலையில் தூக்குவாளியோடு என் வாசலில் வந்து நின்றாள். எங்கள் வாசலை அந்த வீட்டுப் பெண் மிதித்தது அன்றுதான் முதல் தடவை. பாக்கெட் பாலைக் கொடுத்தால் வாடையிலேயே கண்டுபிடித்துத் துப்பிவிடுகிறார், கறந்த சூட்டோடு பால் வேண்டும், கெட்டியாகவும் இருக்க வேண்டும், ஊருக்குள் அப்படிக் கறக்கிறது உன் மாடுதான் என்றாள். நான் உள்ளே போய் மாடத்தில் இருந்த செம்பை எடுத்து நிமிர்த்தினேன். புளி போட்டுத் துலக்கினேன். அதில்தான் கறந்தேன், அதிலிருந்துதான் வாளியில் ஊற்றினேன். அன்றையிலிருந்து தினமும் அப்படித்தான்.

மறுநாள் அவள் வந்தபோது கேட்டேன்: "என்ன சொன்னாக?"

"ஒரே மடக்கு. நாட்டு மாட்டுப் பாலுன்னா இதுல்ல பாலு, கலப்பு மாடு கறக்குமா இப்படின்னாக. இன்னும் இருந்தா குடுன்னு கேட்டாக."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு சந்தனத்தின் பேத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது துக்கத்தில் வந்த அழுகை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அதிலிருந்து எனக்கு ஒரே கவலை. அவரிடம் இதைச் சொல்வதற்கு முன் அவர் செத்துப்போய்விடக் கூடாது. விடிந்து ராஜாத்தி அக்காவின் தலை தெரிகிறவரை உயிர் கையில் இருக்காது. எங்கேயாவது ஒப்பாரி கேட்டால் ஓடிப்போய் யார் என்று விசாரிப்பேன். அவர் ஆயுசுக்காக நான் வேண்டிக்கொள்கிற மாதிரி அவர் பெற்ற பிள்ளைகூட வேண்டிக்கொள்ள மாட்டான். நேரே போய்ச் சொல்லலாம்தான். வாசல்வரை போனால் அன்று கோயில் முன்னால் அடைத்த அதே வாய் மறுபடி அடைத்துக்கொள்கிறது. ராஜாத்தி அக்காவிடம் சொல்லச் சொன்னேன். "எனக்கு அந்த வீட்டுல இன்னும் சோறு திங்கணும் தாயி" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, காலையில் பால் குடிக்கும்போது பத்திரிகை எதையாவது வாசித்துக் காட்டச் சொல்லுவார், மாட்டைப் பற்றி ஏதாவது வந்தால் ஒரு எழுத்து விடாமல் வாசிக்கச் சொல்லுவார் என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதனால் இந்தப் பத்திரிகைக்கு மாட்டைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

இன்று எங்கள் ஊரில் திமில் உள்ள மாடு ஒன்றுகூட இல்லை. கரட்டில் மேய்ச்சலும் இல்லை, கம்பெனிச் சுவர்கள் வந்துவிட்டன. மாட்டுப் பொங்கலன்று கோயிலுக்குப் போகிற வரிசை முழுக்க நேர்முதுகு மாடுகள்தான், முதல் மாலை எங்கள் மாட்டுக்குத்தான் விழுகிறது. மயிலையின் தாளம் ஓர் ஆட்டின் கழுத்தில் கிடக்கிறது. நாட்டு மாடு போனதில் எனக்கு வருத்தம் உண்டு, அது நல்ல மாடு. அதைக் காட்டி எங்களை அடித்தவர்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

மாமா, இதைக் கேட்கிறபோது உங்கள் கையில் டம்ளர் இருக்கும். அன்று செம்பைக் கவிழ்த்த அதே கை. இப்போதும் கவிழ்க்கலாம், ஆனால் அது இன்றைக்கு உள்ளது மட்டும்தான். இதற்கு முன் குடித்ததெல்லாம் உங்கள் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. கலப்பு வீட்டில், கலப்பு மாட்டில், உங்கள் தங்கையின் செம்பில் கறந்த பால். அதைத் தலைமுழுகிப் போக்க முடியாது.

நாளைக் காலையில் ராஜாத்தி அக்காவை வாளியோடு அனுப்ப வேண்டாம். இந்நேரம் செம்பைக் கழுவி மாடத்தில் கவிழ்த்து வைத்திருப்பேன். அம்மாவுக்கு வரவேண்டிய கோடிச் சேலை இன்னும் வரவில்லை. அது வந்து அவள் படத்தின் மேல் விழட்டும். அப்புறம் நிமிர்த்துகிறேன்.